நான் இறுக்கிய நான்கு போல்ட்டுகள்

எதையும் இறுக்கி முடித்தால்தான் எனக்கு நிம்மதி. தண்ணீர்க் குழாயை மூடினாலும் ஒரு சுற்று கூடுதலாகத் திருகுவேன். பிறகு அதைத் திறக்க முடியாமல் வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். வீட்டில் சிரித்துவிட்டுப் போகக்கூடிய இந்தக் குணம், வேலையிடத்தில் ஒரு பெண்ணின் காதைக் கெடுத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வெட்டுப்படும் துண்டுகளையும் தூசியையும் உறிஞ்சி எடுக்க அங்கே ஒரு பெரிய புளோயர் உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க யாரோ அதைத் தூக்கி ஓர் இரும்பு மேடையில் வைத்துவிட்டார்கள். மேடைக்கு நேர் கீழே நீண்ட மேசை. ஆறு பெண்கள் அதில் நின்று பழுதான மூடிகளைப் பொறுக்குவார்கள். அவர்களில் ஒருவர் பென்டில் ஹில்லில் இருந்து வரும் யாழ்ப்பாணத்து அன்ரி. ஐம்பத்தைந்து தாண்டியவர். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு வீட்டை ஓட்டியது அவருடைய சம்பளம்தான்.

சத்தத்தைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்ததும் அவர்தான்.

“தம்பி, உந்தச் சனியன் தலைக்குள்ள நிண்டு கத்துது. வீட்டை போனாலும் விடுகுதில்லை.”

எனக்குக் காரணம் தெரியும். படித்ததே அதைத்தான். புளோயர் தன்பாட்டில் போடும் சத்தம் குறைவு. அது அதிர, மேடையின் இரும்புத் தகடுகள் சேர்ந்து அதிர்ந்து கத்துகின்றன. சத்தத்தை அடக்க வேண்டுமென்றால் அந்த அதிர்வு தகட்டுக்குப் போகாமல் அங்கேயே மறிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை புளோயரைத் தூக்கி, அதன் நான்கு கால்களுக்கும் கீழே தடித்த ரப்பர் அட்டைகளை வைத்தேன். பிறகு பழைய போல்ட்டுகளை ரப்பருக்கு ஊடாகவே மேடையில் போட்டு இறுக்கினேன். போல்ட் முடுக்கும் சாவியின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். ஆறு பேரின் தலைக்கு மேல் நிற்கிற பாரம் அல்லவா?

திங்கட்கிழமை ஓடவிட்டபோது பெரிய மாற்றம் எதுவுமில்லை. ஏன் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாறாக, அப்படியென்றால் இது காற்றின் இரைச்சல்தான் என்று முடிவு கட்டினேன். என் கையால் செய்த வேலையில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதைக்குக் காதுக் கவசம் கொடுப்போம் என்றார் மனேஜர். நானும் தலையாட்டினேன். அந்த ‘இப்போதைக்கு’ மூன்று வருடம் நீண்டது.

ஐந்து பேர் கவசத்தை ஒழுங்காகப் போட்டார்கள். அன்ரி மட்டும் காதுக்கு மேலே தள்ளி வைத்திருந்தார்.

“காதை முழுக்க மூட வேணும் அன்ரி.”

“தோட்டின்ர சுரை பின்னால குத்துது தம்பி.”

“அப்ப வேலை நேரத்தில தோட்டைக் கழட்டி வையுங்கோவன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவர் இருக்கேக்க என்ன கதை கதைக்கிறீர்?”

அபசகுனமாக ஏதோ சொல்லிவிட்டவனைப் போலப் பேச்சை மாற்றினேன். காதுக்குள் வைக்கும் பஞ்சு அடைப்பானைக் கொடுத்துப் பார்த்தோம். காது புண்ணாகி, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். வேறு யாராவது பொறுப்பில் இருந்திருந்தால், தோட்டைக் கழற்று அல்லது வேறு மேசைக்குப் போ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். அன்ரி கோபித்திருப்பார், ஆனால் காது தப்பியிருக்கும். நானோ தமிழன், அவருக்கு ‘நம்முடைய ஆள்’. கணவர் உயிரோடு இருக்கும்வரை தோட்டைக் கழற்றக் கூடாது என்பதும், அவர் படுக்கையில் கிடக்கும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் எனக்கு விளங்கும். விளங்கியபடியால் வாயை மூடிக்கொண்டேன். வேறு மேசை கேட்டு மனேஜரிடம் போயிருக்கலாம். அதற்கும் போகவில்லை. மாதா மாதம் வரும் பாதுகாப்புப் படிவத்தில் ‘கவசம் அணிகிறார்களா’ என்ற கேள்விக்கு ஆறு பேருக்கும் ஆம் என்று சரி போட்டேன். பூசி மெழுகுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே அதுவரை தெரியாது.

போன வருடம் அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியிருந்தார். பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்ததால், அன்ரி குசினிக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அவருடைய ஃபோன். ஏன் இப்படி என்று கேட்க நினைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் இருந்து கணவர் கூப்பிடும் மெல்லிய குரல் வந்தது.

“இஞ்சாரும்...”

அன்ரி திரும்பவில்லை. சீனியைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாரும்...”

எனக்கு நன்றாகக் கேட்டது. அன்ரிக்கும் எனக்கும் இடையில் மூன்று அடி தூரம்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தட்டின் மேல் இருந்த ஃபோன் கடகடவென்று அதிர்ந்தது. அன்ரி கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

திரும்பி வந்து அவரே சொன்னார். “முந்தி இவர் கூப்பிட்டாக் கேக்கும். இப்ப கேக்கிறேல்லை. அதான் அவரின்ர கையில ஒரு ஃபோனைக் குடுத்து வைச்சிருக்கிறன். மணி விட்டாக் கேக்கிறேல்லை. அதிர விட்டுச் சும்மா மேசையில வைச்சாலும் கேக்காது. தட்டில வைச்சாத்தான் கேக்குது.” தன் யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் மறுபடி உள்ளே போன நேரத்தில், மேசையில் கிடந்த துணியை மடித்துத் தட்டின் மேல் போட்டு, அதில் ஃபோனை வைத்து என் ஃபோனில் இருந்து அழைத்தேன். சத்தமே இல்லை. இதைத்தானே நானும் ரப்பரை வைத்துச் செய்தேன்? பிறகு ஃபோனைத் துணியோடு சேர்த்துப் பெருவிரலால் தட்டில் அழுத்திப் பிடித்தேன். தட்டு மறுபடி முனகத் தொடங்கியது. நான் விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன். ரப்பருக்கு ஊடாக நான் போட்ட நான்கு போல்ட்டுகளும் என் கண் முன்னே நின்றன. அதிர்வு போகும் வழியை ரப்பரால் அடைத்துவிட்டு, பக்கத்திலேயே இரும்பில் நான்கு பாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை அன்ரியைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பாளனும் நான்தான். போன கேட்கும் திறன் திரும்பி வராது, காதுக்குள் வைக்கும் கருவி ஓரளவு உதவும், இனிமேலாவது சத்தத்தில் இருந்து விலகி இருக்க வேண்டும் என்று அந்த நிபுணர் தெளிவாகச் சொன்னார். நான் அன்ரியிடம் கருவியைப் பற்றிச் சொன்னேன். சத்தம் குறைந்தால் நல்லது என்றும் சொன்னேன். முதலாவதை விழுங்கிவிட்டேன். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதன் பிறகு மனேஜரிடம் போய், பிழை என்னுடையது, ஒரு நாள் மெசினை நிறுத்த வேண்டும் என்றேன். போல்ட்டுகளைக் கழற்றியபோது ரப்பர் நசிந்து கல்லுப் போலக் கிடந்தது. புதிய ரப்பர் வைத்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் உறை போட்டு, தலைக்குக் கீழே ரப்பர் வளையம் வைத்தேன். இரும்பு இரும்பைத் தொடும் இடம் ஒன்றையும் விடவில்லை. காற்றாடி இதழ்களில் அப்பியிருந்த தூசியைச் சுரண்டி, பாரம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கச் சமன் செய்தேன். புளோயரில் இருந்து விறைப்பாகப் போன தகரக் காற்றுக் குழாயை வெட்டி, இடையில் கான்வாஸ் துண்டு ஒன்றைப் பொருத்தினேன். கடைசியாகப் போல்ட்டுகளை அளவோடு முடுக்கி, கழன்று வராதபடி இரண்டாவது நட்டும் போட்டேன். என் கை இன்னும் ஒரு சுற்றுக் கேட்டது. கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, பெண்கள் வந்து மேசையில் நின்ற பிறகு சுவிட்சைப் போட்டேன். காற்று போகும் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்து பெண்கள் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கவசத்தைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மூடி விழும் சத்தத்தைக்கூட இப்போது கேட்க முடிந்தது.

அன்ரி குனிந்து மூடி பொறுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேசையில் பதித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“அதிரேல்லைத் தம்பி!” பழக்கத்தில் உரக்கக் கத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. “அப்ப இனி இவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கும், என்ன?”

ஓம் என்று சொல்லிவிட்டால் அவர் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். மூன்று வருடமாக ஆம் என்று போட்டுப் போட்டு எனக்கு அலுத்திருந்தது.

“இல்லை அன்ரி,” என்றேன் மெதுவாக.

அவர் தோட்டுக்குப் பின்னால் கையைக் குவித்து, காதை என் பக்கம் நீட்டினார். “என்ன தம்பி?”

மெதுவாகப் பேசினாலே போதும் என்ற நிலைக்கு அந்தக் கூடம் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ‘இல்லை’யை நான் அவருக்குக் கத்திச் சொன்னேன்.