அத்தானின் நீலக்கட்டச் சாரம்

என் அக்காவின் அலுமாரியைத் திறந்து, இறந்துபோன அவள் கணவரின் சாரத்தைத் திருடியவள் நான்தான். திருடியதோடு நிற்கவில்லை. அதைத் துண்டு துண்டாக வெட்டி, உருகிய மெழுகில் அமிழ்த்தி, பலகையில் ஒட்டி, ஓவியம் என்று பெயர் வைத்தேன்! அந்தப் பழியை அக்காவின் மகள் சுமந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்ன நினைத்தாலும் நினையுங்கள்.

ஒரு சாரத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். வீட்டில் இடுப்பில் கட்டுகிற சாதாரண நீலக்கட்டச் சாரம்தான். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்க் கடையில் இன்றைக்குப் போனாலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் இது துவைக்காத சாரம். அத்தான் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் போனது...

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் இறந்தவரின் உடுப்புகளைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். இங்கே யாருக்குக் கொடுப்பது? தெருமுனையில் பழைய உடுப்புப் போடும் இரும்புப் பெட்டி நிற்கிறது. அத்தானின் சேர்ட், காற்சட்டை, குளிர்ச்சட்டை எல்லாம் அதற்குள் போயின. இந்த ஒன்றை மட்டும் அக்கா விடவில்லை. குளிர்பெட்டியில் இறைச்சி வைக்கிற, வாய் இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிய பிறகு அந்தப் பையைக் கொஞ்சமாகத் திறப்பாள். மூக்கை உள்ளே வைப்பாள். உடனே பூட்டிவிடுவாள். "கனக்கத் திறந்தா முடிஞ்சு போயிடும்" என்று சொல்வாள்.

ஒரு தடவையாவது அதை என் பக்கம் நீட்டினாளா? இல்லை! நானும் அங்கேதான் நின்றேன். அந்த அறை வாசலில்தான் நின்றேன்.

எனக்கு அத்தான் என்ன வேண்டும்? அக்காவின் புருஷன். நான் மச்சாள். செத்த வீட்டில் மச்சாளுக்கு என்ன வேலை? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எல்லோரும் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு என்னிடம் வந்து, "அக்காவைக் கவனமாப் பாருங்கோ" என்றார்கள். என்னைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நியாயம்தானே... எந்த உரிமையில் பார்ப்பார்கள்?

நான் கலியாணம் கட்டவில்லை. அக்கா வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறேன். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. உலோகத்தில் வார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் மெழுகில்தான் செதுக்க வேண்டும். நாள் முழுக்க என் விரல் நுனியில் மெழுகு. அது போதாதென்று ஓவிய வகுப்பு ஒன்றிலும் போய்ச் சேர்ந்தேன். தேன்மெழுகையும் ஒருவகை மரப்பிசினையும் உருக்கி, அதில் வண்ணம் கலந்து, ஆறுவதற்குள் தூரிகையால் தீட்டுவது. தீட்டிய ஒவ்வொரு படையையும் சுடுகாற்று ஊதிச் சூடாக்கி, கீழ்ப்படையோடு உருக்கி ஒட்ட வேண்டும். வகுப்பு நடத்திய பிர்கிட் அதற்குள் காகிதம், துணி, துருப்பிடித்த ஆணி, எது கிடைத்தாலும் வைத்துப் பார்க்கச் சொல்வாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பகல் முழுக்க மெழுகு, பின்னேரமும் மெழுகோ? உனக்கென்ன விசரோ?"

அத்தான் மட்டும் சிரித்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை முடித்து வந்து, ஒரு தூக்கம் போட்டு எழும்பி, நிலவறைக்குள் இறங்கி எனக்குப் பலகை அறுத்துத் தருவார். விளிம்பை அரத்தாளால் தேய்த்துத் தருவார். "மச்சாள், இது காணுமோ? இன்னும் கொஞ்சம் சின்னனா வேணுமோ?"

முதல் பலகைக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வெள்ளையைப் பூசிவிட்டேன். மெழுகு அதில் பிடிக்காது என்று அப்போது தெரியாது. மூன்று கிழமை மினக்கெட்டுத் தீட்டிய படம் ஒரே தகடாகக் கழன்று நிலத்தில் விழுந்தது. அத்தான் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சாளின்ர படம் தோடம்பழத் தோல் மாதிரி உரிஞ்சு போச்சு!" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த சனிக்கிழமை படியில் புதுப் பலகை சாத்தியிருந்தது.

மஞ்சள்தூளை மெழுகில் கலந்து பார்த்தேன். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த பழைய தமிழ்ப் பேப்பரை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவருக்குத்தான் முதலில் காட்டுவேன். "இதென்ன, சாம்பாரோ?" என்பார். ஆனால் நின்று பார்ப்பார். வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் வேறு யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும்... அது காதலா?

தெரியாது. சத்தியமாகத் தெரியாது! ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. ஒரு பார்வை... இல்லை, அதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டால் நான் தலைமயிரைச் சரிசெய்வேன். இதுவரை இதை எவரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் உண்மையைச் சொன்னால் அவளும் முதலில் இதைத்தான் கேட்பாள். திருட்டை ஒப்புக்கொள்ளவும் ஒருவேளை என்னால் முடிந்திருக்கும். இந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

அத்தான் போய் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். அக்கா கோயில் திருவிழாவுக்குப் போன நாளில் கீழே இறங்கினேன். கீழ்வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. சாரத்தின் அடிக்கரையில் ஒரு விரல் அகலம் வெட்டிக்கொண்டு, மீதியை அப்படியே திருப்பி வைப்பதுதான் எண்ணம். அவசரத்தில் பையோடு மேலே கொண்டுபோனேன்.

என் கணக்கு என்ன தெரியுமா? அக்கா ஒவ்வொரு வெள்ளியும் திறந்து திறந்து அவர் மணத்தைச் செலவழிக்கிறாள். நான் அதை மெழுகுக்குள் பூட்டிவிடுவேன்! மெழுகு எதையும் உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. என் தொழிலில் நான் தினமும் காண்பது அதுதானே. ஒரு சின்ன இடத்தை நகத்தால் சுரண்டினால் போதும், வேண்டும்போது அத்தான் வருவார் என்று நினைத்தேன். அக்கா அழிக்கிறாள், நான் காப்பாற்றுகிறேன்... என்ன திமிர் எனக்கு!

ஜன்னலைத் திறந்து வைத்து, மெழுகை உருக்கி, துணித்துண்டைக் குறட்டால் பிடித்து உள்ளே விட்டேன்.

ஐயோ... அதை எப்படிச் சொல்வேன்! அந்தச் சூட்டில் அத்தனை மணமும் ஒரே மூச்சாக மேலே எழும்பியது. பாண்மா, முழங்கால் நோவுக்குப் பூசும் தைலம், வியர்வை... அறைக்குள் அத்தான் வந்து என் பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்! உண்மையாகவே திரும்பினேன். "அத்தான்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

பிறகு இல்லை. துண்டை எடுத்து மணந்து பார்த்தேன். தேன் மணம்தான் இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அல்லவா? யாராயிருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். நான் என்னிடமே என்ன சொன்னேன் என்றால்... சூடு கூடிவிட்டது. இன்னொரு துண்டு வெட்டு, சூட்டைக் குறைத்துப் பார். குறைத்தேன். போய்விட்டது. மெழுகை ஆறவிட்டுத் தூரிகையால் மேலே தடவிப் பார். தடவினேன். சுடுகாற்றைத் தொலைவில் வைத்து ஊதிப் பார். ஊதினேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மூச்சு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடினேன்.

பரிசோதனை என்று சொல்லிக்கொண்டேன். பொய்! மூன்றாவது துண்டிலேயே மெழுகு மணத்தைக் காக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் வெட்டிக்கொண்டே போனேன். அக்கா ஒரு வாழ்நாளுக்கு வைத்திருந்ததை நான் ஒரு பின்னேரத்தில் குடித்து முடித்தேன்.

திருப்பி வைக்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்தக் கிழமைதான் அக்காவின் மகள் மதுரா ஹனோவரிலிருந்து வந்திருந்தாள். சுவருக்கு வண்ணம் அடிக்கவேண்டியிருந்ததால் அறைகளை ஒதுக்கி, அக்கா எடுத்து வைத்த பழைய உடுப்புப் பைகளை உடுப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அக்கா அலுமாரியைத் திறந்தாள். அவள் போட்ட சத்தம் மேல்தளத்துக்குக் கேட்டது. நான் இறங்கி ஓடினேன். ஏன் சத்தம் என்று தெரியாதவள் மாதிரி ஓடினேன்!

"கையில அம்பிட்டதெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனனீ! என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியோ?"

"அம்மா, அலுமாரிக்கை நான் கை வைக்கேல்லை... வைச்சனானோ தெரியேல்லை... கட்டில்ல கிடந்த பையளைத்தான்..."

"உன்ர அப்பாவைக் குப்பையில போட்டிட்டியே!"

மதுராவின் முகம் வெளிறிப்போனது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான்... அதுதான்! நான் அக்காவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

இன்னும் கேளுங்கள். அக்காவுக்கு ஜெர்மன் சரளமாக வராது. உடுப்புப் பெட்டிக்காரரின் அலுவலகத்துக்கு அவளுக்காகத் தொலைபேசி எடுத்தவளும் நான்தான். என் அக்காவின் கணவருடைய நீலக்கட்டச் சாரம் தவறுதலாகப் போய்விட்டது, தேடித் தரமுடியுமா என்று அழகான ஜெர்மனில் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் இரங்கினாள். பெட்டியை முதல்நாளே வெறுமையாக்கிவிட்டார்களாம்.

"என்னவாம்? என்னவாம்?" என்று அக்கா என் கையைப் பிடித்து உலுப்பினாள்.

"எல்லாத்தையும் கொண்டு போயிட்டினமாம் அக்கா."

மதுரா அன்றே ஹனோவருக்குப் போய்விட்டாள். பிறகு அக்கா அவளோடு கதைக்கவில்லை. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, கதைக்கவில்லை. மகள் எடுத்தால் தொலைபேசியை என் கையில் தந்துவிடுவாள். இப்படியே இரண்டு வருடம்!

இதற்கிடையில் வகுப்புக்காரர்கள் கண்காட்சி வைத்தார்கள். வீட்டில் மறைத்து வைத்திருந்த அந்தப் பலகைகளில் ஒன்றை, வெள்ளை மெழுகுக்குள் நீலம் மங்கலாகத் தெரிவதை, பிர்கிட் பிடிவாதமாக நடுச்சுவரில் மாட்டினாள். நான் செய்ததிலேயே உயர்ந்தது அதுவாம். அக்கா வந்தாள். அவளாகத்தான் அதன் முன்னால் போய் நின்றாள். அவள் குனிந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"தேன் மணக்குது" என்றாள். "வடிவா இருக்கு. அவர் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்..."

அவள் அறியவில்லை. மணத்தில் அறியவில்லை. ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது, நம்புவீர்களா? அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் மதுரா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் வயிற்றில் பிள்ளை. குரல் தளதளத்தது.

"சித்தி, எனக்கு இப்ப ஞாபகம் வருது. பிளாஸ்டிக் பைக்குள்ள நீலமா ஏதோ... நான் கண்டனான். நான்தான் போட்டனான், சித்தி. அம்மா சொன்னது சரி."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிள்ளை பிறக்க முதல் அம்மாட்டை மன்னிப்புக் கேக்கப்போறன். தனிய வரப் பயமா இருக்கு. நீங்கள் பக்கத்தில நிப்பீங்களோ?"

அவள் காணாத ஒன்றைக் கண்டதாக நினைக்கும் அளவுக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். "இல்லை, நீ போடவில்லை" என்று சொல்ல ஒரு மூச்சே போதும். நான் சொன்னது "ஓம், நிக்கிறன்."

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெரிய வயிற்றோடு வாசற்படி ஏறி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அக்காவின் முன்னால் நின்றாள்.

"அம்மா, நான்தான் அப்பான்ர சாரத்தைப் போட்டனான். என்னை மன்னியுங்கோ."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு எழும்பி, அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்தாள். தலையைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். "தெரியாமச் செய்ததுதானே பிள்ளை... தெரியாமச் செய்ததுதானே..."

இருவரும் அழுதார்கள். அக்கா அழுகையோடு சிரித்தாள். அத்தான் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

நான் கோப்பைகளோடு சமையலறை வாசலில் நின்றேன். அந்தக் கை என் தலைக்கு வரவேண்டிய கை! எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா, அந்தக் கைக்கு... அத்தானுக்காகக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை. என் குற்றத்துக்கான மன்னிப்பு என் கண்முன்னாலேயே இன்னொருத்திக்குக் கொடுக்கப்பட்டு முடிந்தது. தெரியாமல் செய்தவளுக்குக் கிடைக்கும் மன்னிப்பு அது. நான் தெரிந்து செய்தேன். இனி நான் சொன்னால் அக்காவிடமிருந்து அந்தச் சிரிப்பையும் அல்லவா பறிப்பேன்? இல்லை... இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாட்டுத்தானா?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் அங்க நிண்டு அழுறாய்? எல்லாம் முடிஞ்சுது. வா, வந்து சாப்பிடு."

போனேன். மதுராவின் பக்கத்தில் இருந்தேன். அக்கா எனக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.