மோந்து பார்த்த மல்லிகை

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் நான் கத்தினால் பக்கத்துக் கழனியில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. திங்கட்கிழமை வருகை எடுக்கும்போது முதல் இரண்டு பேரைக் கூப்பிடும்வரை எனக்குத் தொண்டை கரகரக்கும்.

எழுபதுகளின் நடுவில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். வயசு இருபத்தாறு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரு ரூம் எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். ஊர்ப் பெண்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் நான் எதிரே வந்தால் சந்து மாறிப் போவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஐம்புலன் பாடம் வந்தது. ‘மூக்கு நுகரும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும் என்றார் தலைமையாசிரியர். போதாது என்றேன். கண்ணைக் கட்டி மோந்து பார்க்க வைக்க வேண்டும் என்று பெருங்காயம், சீயக்காய்த்தூள், மண்ணெண்ணெய் நனைத்த துணி எல்லாம் டப்பாவில் எடுத்து வைத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். கிருத்திகை அன்று காலையில் பள்ளிக்கு முன்னால் பஸ் பிடித்து ஒரகடம் கூட்டுரோட்டில் போய் இறங்கினேன். வல்லக்கோட்டை முருகனுக்குப் போகிறவர்களுக்காகப் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முழம் மல்லிகை கேட்டேன். அந்த அம்மா என் வெறும் நெற்றியைப் பார்த்து, “கோயிலுக்காம்மா?” என்றாள். ஆமாம் என்றேன். பாடத்துக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். இரண்டு வருஷமாகப் பூவைக் கையால் தொட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெருங்காயத்துக்கு வகுப்பே “சாம்பாரு!” என்று கத்தியது. மண்ணெண்ணெய்க்கு ஒரு பையன், “எங்க வூட்டு அடுப்பு டீச்சர்” என்றான். எல்லாம் அமர்க்களமாகப் போனது. அப்புறம் பையிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்தேன். முதல் பையனுக்குக் கண்ணைக் கட்டி, பூவை மூக்குக்குக் கிட்டே பிடித்தேன்.

“தெரியல டீச்சர்.”

அடுத்தவனும் தெரியல என்றான். அதற்கடுத்தவளும் அதேதான். ஊரே மணக்கிற மல்லிகை!

“என்னடா, அத்தனை பேர் மூக்கும் அடைச்சுக்கிச்சா? கொழுப்பா?” என்று ஒருவனுக்கு ஒரு குட்டு வைத்தேன். அவன் “ஐயோ” என்றபோதுதான் கவனித்தேன், அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். எல்லாருமே அப்படித்தான், கன்னம் உப்பிப் போய்.

முன் வரிசையில் ஒரு பெண். சட்டையில் ஒரு பித்தான் எப்போதும் இருக்காது. அவள்தான் எழுந்து சொன்னாள். “சாமிப் பூவை மோந்து பாக்கக் கூடாது டீச்சர். கண்ணு அவிஞ்சிடும்.”

“இது சாமிப் பூன்னு உனக்கு யார் சொன்னது?”

“நீங்கதான் பூ வெக்க மாட்டீங்களே. அப்போ சாமிக்குத்தானே?”

எனக்குச் சுருக்கென்றது. “சாமிக்கு இல்லை. மோந்து பாருங்க” என்று மட்டும் சொன்னேன். பூ கை மாறிக் கை மாறி வகுப்பு முழுக்கச் சுற்றியது. குட்டு வாங்கியவன் மூக்கை உள்ளேயே விட்டு இழுத்தான். கடைசியில் அந்தப் பெண் அதை இலையில் மடித்து என்னிடம் கொண்டு வந்தாள்.

“மோந்த பூ சாமிக்கு ஆவாது டீச்சர். நீங்களே வெச்சிக்கினா இன்னா?”

“வாயை மூடிக்கினு போய் உக்காரு” என்றேன்.

சாயங்காலம் ரூமுக்குப் போனதும் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். வாடிப் போயிருந்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பாழாய்ப்போன அழுகை அழுதேன். கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். அதனால் பூவை எடுக்காமலே படுத்துவிட்டேன்.

விடிந்ததும் பூவை எருக்குழியில் போட்டுவிட்டு, தலையை இழுத்து முடிந்துகொண்டு பள்ளிக்குப் போனேன். கணக்குப் போட்டு சிலேட்டைக் காட்ட அந்தப் பெண் வந்தாள். குனிந்தேன். அவள் என் தலைக்குக் கிட்டே மூக்கை நீட்டி இரண்டு தரம் இழுத்தாள்.

“மல்லி” என்றாள். முந்தின நாள் யாரும் சொல்லாத பதில்.

நிமிர்ந்து பார்த்தேன். வகுப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர். நல்லா கீது.”

அவள் போட்ட கழித்தல் கணக்கு தப்பு. நான் சரி போட்டுக் கொடுத்தேன்.