கால் முன்வந்து பிறந்தவள்

என் அக்கா பிறக்கும்போது கால்தான் முன்னே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விடும், நீவினால் சுளுக்குப் போகும் என்பது கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வயலில் குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் விடிந்ததும் அவள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"அம்மிணி, ஊட்டுக்காரர நெனச்சுட்டு உதைக்காதீங்க" என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், குப்புறப் படுத்தபடி.

"அவர நெனச்சு உதைச்சா நீங்க எந்திரிக்கவே மாட்டீங்க."

உதைப்பதற்கும் நீவுவதற்கும் அவள் எதுவும் வாங்கியதில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு ஊரில் இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அவள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளி மைதானத்து இரும்பு ராட்டினத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே சுற்றியிருக்கிறாள். பலகைக்கு அடியில் பாதம் மாட்டி முறுக்கிக்கொண்டது. தூக்கி வந்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. சுளுக்குத்தான் என்றாள் அக்கா. ஊரே அவளிடம் வரும்போது அவள் யாரிடம் போவாள்? விளக்கெண்ணெயைச் சூடாக்கி நீவினாள். மறுநாளும் நீவினாள். குழந்தை அலறியது. "நரம்பு எறங்குது சாமி, பொறுத்துக்கோ" என்று அவளும் கூடவே அழுதிருக்கிறாள்.

கல்லூரி விடுதியிலிருந்து நான் வந்தபோது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தை காலை ஊன்றவே இல்லை. அக்காவை வற்புறுத்திப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போனேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் மலையாளத்தில் முதலில் கேட்டது, "ஆரா இது திரும்மியது?"

நீவியது யார் என்று கேட்கிறார் என நான் தமிழில் சொல்வதற்குள் அக்காவுக்கே புரிந்துவிட்டது. "நாந்தானுங்க."

அதற்குப் பிறகு அவர் இங்கிலீஷ் கலந்து சொன்னதையெல்லாம் நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எலும்பு வளருகிற முனையிலேயே உடைந்திருக்கிறது. விலகியபடி ஒட்டத் தொடங்கிவிட்டது. அந்தக் கால் குட்டையாகலாம், கோணலாகலாம். வளர வளரத்தான் தெரியும்.

"நான் நீவுனதுலயா தம்பி?"

மருத்துவரிடம் கேட்டேன். மாட்டிக்கொண்டதிலா, நீவியதிலா என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். பேருந்தில் வரும்போது மறுபடியும் அதையே கேட்டாள்.

மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் வரும்போது சாய்வு கூடியிருக்கிறது. இப்போதும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். "இப்பெல்லாம் செய்யறதில்லீங்க" என்று உள்ளேயிருந்தே அக்கா சொல்லிவிடுவாள்.

நேற்றுச் சாயங்காலம் குழந்தை அவள் மடியில் காலைப் போட்டாள். "வலிக்குதும்மா, நீவி உடு."

"மாமங்கிட்டப் போ கண்ணு."

"மாமனுக்கு ஒண்ணுந் தெரியாது. நீதான் நீவோணும்."

முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்த கைகளை அக்கா வெளியே எடுக்கவில்லை.