சம்மதப் படிவமும் என் வாயும்

பள்ளிப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் மகள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "மா, இந்த போராங்ல சைன் பண்ணுங்க. ஸ்கூலுக்கு நர்ஸ் மிஸ்ஸி வந்து ஊசி போடுவாங்க."

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்கான எச்.பி.வி. தடுப்பூசி. பிற்காலத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காப்பதற்கு. சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

என் கண் இரண்டாவது கட்டத்துக்குத்தான் போனது. உடலுறவால் தொற்றும் கிருமி என்று எங்கோ படித்திருந்தேன். இன்னும் என்னிடம் தலை பின்னிக்கொள்கிற பிள்ளைக்கு இது எதற்கு? எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை முடித்துக் களைத்து வந்த என் கணவர், "நீயே பார்த்து முடிவு பண்ணு லா" என்று குளிக்கப் போய்விட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுபோல, குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "கண்டபடி திரியிற பொண்ணுங்களுக்கு வர்ற நோயாம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி?" கைதட்டும் படங்கள் நாலைந்து வந்தன. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மத்தியானம் லாயாங் லாயாங் ஊரிலிருந்து என் தம்பி மனைவி கூப்பிட்டாள். தானாக போன் செய்கிற ஆளே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி என்றார்கள். ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. "ஒரு கட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சிரித்தவள் நான்தான்.

"அக்கா, நான் கண்டபடி திரிஞ்சேனா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சொல்ற நீ?"

"எனக்கு வந்தது கட்டி இல்லக்கா. நீங்க எழுதுன அந்த நோய்தான். உங்க தம்பியத் தவிர வேற ஆம்பள எனக்குத் தெரியாது. ஒழுங்கா குடும்பம் நடத்துறவங்களுக்கும் இந்தக் கிருமி வரலாம்னு டாக்டர் சொன்னாங்க. நான் படிக்கிறப்ப இந்த ஊசி இல்ல. பிள்ளைக்கு இருக்கு. போட்டுருங்கக்கா."

"இத்தனை வருஷம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க வாய்க்குப் பயந்துதான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்படித்தான். கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தாளோ, அந்த எனக்கே போன் செய்து சொல்லியிருக்கிறாள், என் பிள்ளைக்காக. அவள் இடத்தில் நான் இருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கிளினிக்கில் மிஸ்ஸியைப் பார்த்து, பிள்ளை பெறுவதில் பிரச்சினை வருமா என்பது வரை எல்லாவற்றையும் கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார். சம்மதம் என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டுக் கையெழுத்திட்டேன். குடும்பக் குழுவில், "நான் எழுதினது தப்பு. ஊசி போடுறோம்" என்று மட்டும் எழுதினேன். "அலமாக்! அக்காவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான் சித்தி மகன். கேட்கட்டும்.

ஊசி போட்ட வாரக் கடைசியில் லாயாங் லாயாங்குக்குப் போனோம். "அத்தை, இன்னும் லேசா வலிக்குது" என்று மகள் செல்லம் கொஞ்சினாள். தம்பி மனைவி அவள் சட்டைக் கையை மெல்ல ஏற்றி, ஊசி போட்ட இடத்தைக் கேட்டு, அதைத் தொடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு நான் எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது என்று தோன்றியது.

அவள் தேத்தண்ணீர் கலக்க அடுப்படிக்குப் போனதும் நானும் பின்னால் போனேன். "என்னை மன்னிச்சிரு" என்றேன். கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவளிடம் சொல்லாத வார்த்தை.

"பிள்ளைக்குப் போட்டாச்சுல்ல, விடுங்கக்கா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. நாலு வருஷமாக எனக்குத் தெரியாமல் அழுதவள், அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.