கொண்டல் காற்றில் வந்த புகையான்

கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவற்றைப் பார்த்தேன். விலங்கியல் படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த ஐப்பசி அது. கோடியக்கரைப் படகொன்றில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். ஈரமான பாய்மரத் துணியில் குறுணை அரிசிபோலப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால், எங்கள் நெல்வயல்களை வட்டம் வட்டமாகக் கருக்குகிற அதே புகையான் பூச்சி! "கொண்டல் அடிச்சா கெழக்கேருந்து இதெல்லாம் வரும் தம்பி, தட்டான்கூட வரும்," என்றார் படகுக்காரர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். நானோ அவசரமாக ஒரு தீப்பெட்டியைக் காலிசெய்து பூச்சிகளை அதில் அடைத்தேன்.

காரணம் என் சித்தப்பா. பண்ணையாரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்துவந்தார். குத்தகைக்காரரைச் சும்மா வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த காலம். நிலக்காரர்கள் ஏதாவது காரணம் கிடைக்காதா என்று அலைந்தார்கள். சித்தப்பாவின் வயலுக்கு மேற்கே பண்ணையாரின் சொந்த வயல். அது கருகியதும், "இவன் வளத்த பூச்சிதான் என் வயல்ல பூந்துச்சு, நிலத்தை விடச் சொல்லுங்க" என்று பஞ்சாயத்தைக் கூட்டினார்.

தீப்பெட்டியில் பூச்சிகளை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கடல்மேல் வந்தவை, யார்மீதும் குற்றமில்லை என்று மூச்சுவிடாமல் பேசினேன். "கப்பல்ல டிக்கெட் எடுத்தா வந்துச்சு?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. பண்ணையார் சிரிக்கவில்லை.

"படிச்ச புள்ள சரியாத்தான் சொல்லுது. கெழக்கேருந்து வந்தா மொதல்ல இவன் வயல்லதானே எறங்கியிருக்கும்? அங்கயே மருந்தடிச்சிருந்தா எனக்கு ஏன் வருது?"

பஞ்சாயத்து அதையே பிடித்துக்கொண்டது. நிலம் போயிற்று. திரும்பும் வழியில் சித்தப்பா, "நீ சும்மா இருந்திருந்தா, தெரியலீங்கன்னு சொல்லியே இன்னொரு போகம் ஓட்டியிருப்பேன்டா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நிலத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் போட்ட வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது, வாய்தாவுக்குமேல் வாய்தா. சித்தப்பா ஊரான் வயல்களில் அறுப்புக்குப் போகிறார். எனக்கும் அலுத்துவிட்டது, அந்தத் தீப்பெட்டி எதையும் நிரூபிக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. கடல் தாண்டி வருவது ஒன்று, எங்கே இறங்கும் என்பது வேறொன்று. இந்த ஐப்பசியில் கொண்டல் எழும் நாளில் எண்ணெய் தடவிய மூன்று துணிகளைக் கட்டப்போகிறேன்: படகில் ஒன்று, இரு வயல்களுக்கும் கிழக்கே ஒன்று, மேற்கே வாய்க்கால் கரையில் ஒன்று. ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஒட்டினால், எந்த வயலும் முதல் வயல் இல்லை.

"மேக்கால கட்டுறதுல ஒண்ணுமே ஒட்டலேன்னா?" என்றார் சித்தப்பா.

"அதையும் வக்கீல்கிட்ட சொல்லித்தான் ஆகணும் சித்தப்பா."

சித்தப்பா எழுந்தார். பிறகு கொடியிலிருந்த பழைய வேட்டியை எடுத்து, மூன்றாகக் கிழித்துக் கொடுத்தார்.