கரித்தகட்டைக் கழுவிப் பார்த்தவள்

செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன அந்தோஃபகாஸ்தாவில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்த வாரத்தில் மிரேயா கொல்கே மட்டும் உம்மென்று இருந்தாள். இத்தனைக்கும் வெற்றி அவளுடையது. அவள் வடிவமைத்த செம்பு மூலக்கூறுதான் மின்வேதிக் கலத்தில் அமோகமாக வேலை செய்துகொண்டிருந்தது.

"ஏண்டி, பரிசு விழுந்தவ மாதிரியா இருக்க? பர்ஸத் தொலச்சவ மாதிரி நிக்கிற" என்றாள் பக்கத்து மேசை யாஸ்னா.

"போகப் போக நல்லா வேலை செய்யுது."

"அதுக்குத்தானே இத்தன வருஷம் உயிர விட்ட?"

"மூலக்கூறுன்னா உழைக்க உழைக்கத் தேயணும். இது தேறிக்கிட்டே வருது. எனக்குப் பிடிக்கல."

மக்காச்சோளச் சக்கையிலிருந்து எடுத்த, வாதுமை வாசனை வீசும் எண்ணெய்தான் கலத்துக்குள் இருந்தது. அதில் ஹைட்ரஜனை ஏற்றினால், வார்ப்படத் தொழிலில் அச்சு மணலை இறுக்கும் பிசினுக்கு மூலப்பொருள் கிடைக்கும். வழக்கமாக அதற்குக் கொதிக்கும் கொப்பரையும் அழுத்தி அடைத்த வாயுவும் தேவை. மிரேயாவின் முறைக்குத் தண்ணீரும் பாலைவன வெயில் தருகிற மின்சாரமும் போதும். இடையில் வினையூக்கியாக அவளுடைய மூலக்கூறு வேண்டும். நான்கு நைட்ரஜன் கைகள் ஒரே ஒரு செம்பு அணுவைப் பிடித்திருக்கும் கூண்டு அது. அவளே வரைந்து, அவளே குடுவையில் கட்டி, படிகம் சரியாக வரவில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி கட்டியது. தன் குடுவைகளை வேறு யாரையும் கழுவவிட மாட்டாள். சுரங்க ஆய்வகத்தில் பல வருடம் மண்ணைச் சோதித்துவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவள். எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இப்போது அவள் பயம் இதுதான். கூண்டு உடைந்து, செம்பு உதிர்ந்து, கலத்துக்குள் மின்சாரம் பாய்ச்சும் கரித்தகட்டில் உலோகமாகப் படிந்திருந்தால்? அப்படியானால் வேலை செய்வது அந்தப் படிவுதான். அவளுடைய மூலக்கூறுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு செம்புக் கம்பியே போதும். அடுத்த வாரம் கொன்செப்சியோன் நகரக் கருத்தரங்கில் அவளுடைய பேராசிரியர் தாபியா பேசப்போவதோ, மூலக்கூறே வினையூக்கி என்று.

"தகட்டக் கழுவிப் பாக்கப் போறேன்" என்றாள்.

"கருத்தரங்கு முடிஞ்சு கழுவேன், புண்ணியமாப் போகும்."

"முடிஞ்சப்புறம் கழுவினா, அங்க பேசினதெல்லாம் திரும்ப முழுங்கணும்டி."

தகட்டை எடுத்து நன்றாகக் கழுவி, மூலக்கூறே இல்லாத புதுக் கரைசலில் இறக்கினாள். மூலக்கூறுதான் வேலைக்காரன் என்றால் இப்போது ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் திரையில் வினை நடப்பதைக் காட்டும் கோடு மளமளவென்று ஏறியது. தகட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இளஞ்சிவப்பாக ஒரு மினுக்கம். அந்தச் செம்பு நிறத்தை அந்த ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள்.

"அப்ப தலைப்ப மாத்தணும்" என்றார் தாபியா.

"பேச்சையே விட்டுடலாம், ப்ரொஃபே."

அவர் விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பல நாட்கள் அவளிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இருக்கும் கலாமாவுக்குப் போனாள். தொன் எலியோதோரோ, கரைசலில் மின்சாரம் பாய்ச்சிச் செம்புத் தகடு வளர்க்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார்.

"காலமெல்லாம் நானும் தகட்டுல செம்புதான் வளத்தேன் மகளே. எனக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கல."

"நீங்க வேணும்னு வளத்தீங்க. எனக்கு வேணாம்னாலும் வளருதுப்பா."

ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தைத் தடவிக்கொண்டே அவளும் சிரித்தாள். திரும்பி வரும் பேருந்தில்தான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை மறுபடி வரைய உட்கார்ந்தாள். செம்பு ஏன் ஓடிப்போனது? எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட செம்பு, கூண்டில் தட்டையாகக் கிடக்க விரும்புவதில்லை. சற்றே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அவளுடைய கூண்டோ தட்டையானது, விறைப்பானது. அந்த விறைப்பைத்தான் அவள் பெருமையாக நினைத்திருந்தாள்.

"அது திரும்பிப் படுக்க எடமே விடலடி நான்" என்றாள் யாஸ்னாவிடம்.

புதுக் கூண்டின் கைகளுக்கு நடுவே வளைந்து கொடுக்கும் பாலங்களை வைத்தாள். முதலில் கட்டியது கரையவே இல்லை. அடுத்தது பாதியில் உடைந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தேறி வந்த ஒன்று, பழைய படிவு தந்ததில் பாதியைத்தான் தந்தது. மிரேயா அதற்காகக் கவலைப்படவில்லை. தகட்டைக் கழுவிப் புதுக் கரைசலில் இறக்கினாள்.

திரையில் கோடு அசையவில்லை. எண்ணெய் அதே வாதுமை வாசனையோடு அப்படியே கிடந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். தகடு கரிக் கறுப்பு.

வெளியே போய், கிரீம் வைத்த பெர்லின் பன் ஒரு பெட்டி வாங்கி வந்தாள்.

"என்னடி விசேஷம்?" என்றாள் யாஸ்னா.

"ஒண்ணும் நடக்கல."

யாஸ்னா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு நடைவழிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ப்ரொஃபே, சீக்கிரம் வாங்க. இங்க ஒண்ணும் நடக்கலயாம்."

தாபியா வந்தார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு, கடிக்காமல் கேட்டார்:

"இன்னொரு தடவ கழுவிப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் பேக்கரிக்குப் போனேன்."

அதன் பிறகுதான் அவர் கடித்தார்.