அண்ணனின் அமெரிக்கப் புத்தகமும் என் முதல் புள்ளடியும்

கனடாவில் குடியுரிமை எடுக்க நான் விழுந்து விழுந்து படித்தது அமெரிக்காவின் அரசியலமைப்பை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் மூத்தவர் படித்து முடித்த புத்தகம் இளையவருக்கு வரும்; பள்ளிக்கூடம் முழுவதும் நான் அப்படித்தான் படித்தேன். நியூ ஜெர்சியில் இருந்த அண்ணன் அங்கே குடியுரிமை எடுத்த கையோடு, அடிக்கோடு போட்ட தன் புத்தகத்தை ரொறன்ரோவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

"அண்ணை, உது அமெரிக்கான்ரை புத்தகமெல்லோ?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பக்கத்து நாடுதானே. சனாதிபதி எண்டு வாற இடத்திலை பிரதமர் எண்டு மாத்திப் படி. மிச்சமெல்லாம் ஒண்டுதான்."

அண்ணன் சொன்னால் அப்பீல் கிடையாது. மோர்னிங்சைட் பஸ்ஸிலும், பெட்டி கட்டும் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்திலும் வாய்க்குள் முணுமுணுத்துப் பாடமாக்கினேன். முதலில் வெறும் பாடம்தான். ஒருநாள் ஒரு பக்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆளுகிறவருக்கு அதிகாரம் ஆளப்படுகிறவரின் சம்மதத்திலிருந்து வருகிறது. பெரும்பான்மை என்பதற்காக நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. இவ்வளவு எளிய விஷயத்தை ஊரில் எங்களுக்கு ஏன் தராமல் விட்டார்கள்?

குடியுரிமை எடுக்கிற மற்றவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். எனக்கு வாக்கு வேண்டும். சண்டையும் பயமுமாக இருந்த எங்கள் ஊரில் எனக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது, தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் நாள். தலையில் நரை தொடங்கிவிட்டது, வாக்குச்சீட்டில் இன்னும் ஒரு புள்ளடி போடவில்லை. ஒன்றாரியோவில் தேர்தல் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குமுன் நான் பாஸாக வேண்டும்.

அந்த நாட்களில் குடியுரிமை நீதிபதி நேரே முன்னால் இருத்திக் கேள்வி கேட்பார். எனக்கு வாய்த்தவர் வெள்ளைத் தலைமுடிப் பெண்மணி.

இந்த நாட்டின் தலைமை யாருக்கு என்று கேட்டார். பிரதமருக்கு என்றேன். செனட்டர்கள் எப்படி வருகிறார்கள் என்றார். மாகாணத்துக்கு இரண்டு பேர், மக்களே தெரிவு செய்வார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தேன்.

அவருடைய பேனா நின்றுவிட்டது. "நீங்கள் எந்த நாட்டுப் புத்தகம் படித்தீர்கள்?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே தலைமை மகாராணிக்கு, செனட்டர்களை நியமிப்பார்கள் என்று விளக்கினார். மகாராணியை எங்கள் நாடு எப்போதோ வழியனுப்பிவிட்டது. இருபது டொலர் தாளில் தினமும் பார்த்தும், இங்கே அவர் இன்னும் பதவியில் இருப்பது என் புத்தியில் ஏறவில்லை. சில மாதம் படித்துவிட்டு மறுபடி வாருங்கள் என்று அவர் கோப்பை மூடப்போனார். தேர்தல் கைவிட்டுப் போகிறது என்றதும் எனக்குப் பயம் போய் ரோசம் வந்துவிட்டது.

"நாட்டைத்தான் மாற்றிப் படித்துவிட்டேன், விஷயத்தை அல்ல," என்று என் உடைந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். "ஆளுகிறவரும் சட்டத்துக்குக் கீழே. அரசாங்கம் செய்வது பிழை என்றால் நீதிமன்றம் பிழை என்று சொல்லும். கூட்டம் பெரிது என்பதற்காக என் பேச்சையும் என் வீட்டையும் பறிக்க முடியாது. இதெல்லாம் இங்கே உண்டா, இல்லையா? இல்லை என்றால் சொல்லுங்கள், நானே எழும்பிப் போகிறேன்."

அவர் கோப்பிலிருந்து கையை எடுத்தார். "உண்டு," என்றார். "நாங்களும் சில வேளை தவறியிருக்கிறோம். ஆனால் உண்டு."

கோப்பு மறுபடி திறந்தது. மாகாணங்களைச் சொல்லச் சொன்னார். தொழிற்சாலையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பெட்டி கட்டி அனுப்புகிறவள் நான். கிழக்கிலிருந்து மேற்காக ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இன்னும் சில கேள்விகள். கடைசியாக, வாக்கு எதற்கு என்று கேட்டார்.

"என்னைக் கேட்காமல் என்னை யாரும் ஆளக்கூடாது என்பதற்கு."

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நடைபாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்தல் அன்று என் கணவர் காரில் கூட்டிப்போனார். அவர் எனக்கு முன்னமே குடியுரிமை எடுத்தவர். எங்களில் பல வீடுகளில் குடும்பத்து வாக்கெல்லாம் ஒரே வாக்கு. ஆம்பிளைகள் பேசி முடிவெடுத்தால் மற்றவர்கள் போட்டுவிட்டு வருவார்கள்.

"எல்லாரும் ஒராளுக்குத்தான் போடுறம்," என்று வழியெல்லாம் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். "மாறிக்கீறிப் போட்டிடாதையும்."

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் மட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான் தனியே நின்றேன். பென்சிலை எடுத்தேன். எத்தனை வருஷத்து ஆசை! ஒவ்வொரு பெயரையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் வாசித்தேன். பிறகு எனக்குச் சரி என்று பட்டவருக்கு நேரே புள்ளடியை அழுத்திப் போட்டேன்.

கார்க் கதவைத் திறக்கமுன்னரே கேள்வி வந்தது. "ஆருக்குப் போட்டனீர்?"

"சொல்லேலாது."

"கட்டின மனுசனுக்குமோ?"

"ஓம். உங்களுக்குந்தான்."

நான் சீற் பெல்டைப் போட்டுக்கொண்டு, "காரை எடுங்கோ," என்றேன்.